கீபேடை எந்தக் கதவருகே மாட்டுவது?

வீட்டுக்குத் திருட்டு அலாரம் வைக்கப்போகிறேன் என்று சொன்னபோது குடும்பத்தில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. வேலைக்கு வரும் அக்காவுக்கும் அதில் தனியாக ஒரு எண் போட்டுத் தரப்போகிறேன் என்றதும்தான் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். குன்னூரில் இருக்கும் பெரிய மாமா அன்று ராத்திரியே போன் செய்தார். "நம்பரையும் கொடுத்துட்டா அப்புறம் அலாரம் எதுக்கும்மா? யாருக்காக வைக்கிறோமோ அவங்களுக்கே சொல்லிக் கொடுக்கிறதா?" என்றார். அக்காவுக்காக நாங்கள் அலாரம் வைக்கவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்தப் பேச்சு மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுப் பின்கதவுச் சாவி வருஷக்கணக்காக அக்காவிடம்தான் இருக்கிறது. அப்பா இருந்தபோதே கொடுத்தது. அதைப் பற்றி மாமா உட்பட யாரும் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாவியைக் கொடுக்க யோசிக்காத குடும்பம், நான்கு இலக்க எண்ணைக் கொடுப்பதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகிறது?

வீடு அரவேனுவுக்குப் பக்கத்தில், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, தேயிலைச் சரிவில் இருக்கிறது. அம்மா அங்கே தனியாக இருக்கிறார், நான் கோவையில். கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலமான மழை. அது பிடித்துக்கொண்டால் அம்மா கீழே என்னிடம் வந்துவிடுவார். மழை முடிந்து பனி தொடங்கிவிட்டால் பொங்கல் வரைகூடத் தங்கிவிடுவார். அந்த மாதங்களில் வீட்டைத் திறப்பது அக்கா ஒருவர்தான். கொழுந்து பறிக்கப் போவதற்கு முன் வந்து, ஜன்னலையெல்லாம் திறந்து காற்று விட்டு, சாமி விளக்கேற்றி, செடிகளைப் பார்த்து, மறுபடி பூட்டிக்கொண்டு போவார். அப்படிச் செய்யாவிட்டால் ஒரே மாதத்தில் சுவரும் துணியும் பூஞ்சை பிடித்து நாறிப்போகும். ஆக, வருஷத்தில் சில மாதங்கள் அந்த வீட்டுக்குள் கால் வைக்கும் ஒரே ஆள் அவர். அலாரம் அடித்தால் முதலில் பதறப்போவதும் அவர்தான். அவருக்கு எண் இல்லாத அலாரம் அந்த வீட்டில் இரண்டு நாள் தாங்காது, மூன்றாம் நாள் யாராவது அதை ஒரேயடியாக அணைத்து வைத்துவிடுவார்கள்.

வயர் இழுக்க முடியாத சுவர்

அலாரத்தைப் போடவும் அணைக்கவும் எண் அடிக்கிற பட்டன் பெட்டிதான் கீபேட். அதை ஒயர்லெஸ்ஸாக வாங்கக் காரணம் சுவர்தான். பழைய பகுதி முழுக்கக் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், ஒன்றரை அடி கனம். சாதாரண கீபேட் என்றால் அலாரத்தின் மூளையான பேனலிலிருந்து அதற்கு நான்கு வயர் போக வேண்டும், இரண்டு கரண்டுக்கு, இரண்டு தகவலுக்கு. கல்லைக் குடைந்து வயரை உள்ளே பதிப்பது நடக்காத காரியம். சுவர் நெடுக கேசிங் பட்டை அடிப்பதை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டரியில் ஓடுகிற, ரேடியோவில் பேசுகிற கீபேட்தான் ஒரே வழி.

ஆனால் ஒயர்லெஸ் என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் ஒன்றில்லை. மலிவான செட்டுகள் பலவும் 433 மெகாஹெர்ட்ஸில் ஒரே சங்கேதத்தை ஒவ்வொரு முறையும் அப்படியே அனுப்புகின்றன. அருகில் இருந்து ஒருவன் அதைப் பிடித்துப் பதிந்து, பிறகு திருப்பி அனுப்பினால் பேனல் ஏமாந்து அலாரத்தை அணைத்துவிடும். அலைவரிசையில் குற்றமில்லை, மாறாத சங்கேதத்தில்தான் குற்றம். இன்னொரு குறை, அவற்றில் பல ஒருவழிக் கீபேடுகள். நாம் அடித்ததைப் பேனல் கேட்டதா இல்லையா என்று கீபேடுக்கே தெரியாது. அதனால் இருவழியாகப் பேசுகிற, ஒவ்வொரு முறையும் மறையாக்கம் மாறுகிற செட்டாகத் தேடி வாங்கினேன். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. இந்த செட் அந்த இடைவெளியில் ஓடுகிறது. எண்ணை அடித்து அலாரத்தைப் போட்டதும் பேனல் பதில் சொல்லி, கீபேடில் விளக்கு எரிகிறது. அம்மாவுக்கு அந்த விளக்கு ரொம்ப முக்கியம். வெளியே போனபின் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் அவர்.

இப்போதெல்லாம் போனிலேயே எல்லாம் செய்யலாம், கீபேட் எதற்கு என்று டெக்னீஷியன் தம்பி கேட்டார். கோவையிலிருந்து மலை ஏறி வந்தவர், வேலையில் கெட்டிக்காரர். போன் எனக்கு வசதி. அம்மா போனை சார்ஜில் போட்டுவிட்டு மறந்துபோவார். அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அப்படியானால் கைரேகை வைத்துக்கொள்ளலாமே என்றார். அது அக்காவிடம் நடக்காது. கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறி, வெடிப்பு விட்ட விரல்கள். ரேஷன் கடையில் மிஷின் அவர் ரேகையை ஏற்காமல் ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். தன் வீடுபோல் பார்த்துக்கொள்கிற வீட்டின் வாசலிலும் அவர் அப்படி நிற்பதை என்னால் ஏற்க முடியாது. தொடுதிரை மாதிரி வழவழப்பான கீபேடும் வேண்டாம் என்றேன். ஈர விரலுக்கும் கையுறைக்கும் அது சரியாக இசையாது. ரப்பர் பட்டன், அழுத்தினால் விரலுக்குத் தெரிய வேண்டும், தொட்டதும் உள்ளிருந்து வெளிச்சம் வர வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தது.

எந்தக் கதவு

கீபேடைப் பேனலோடு சேர்ப்பது சின்ன வேலைதான். பேனலைச் சேர்க்கை நிலையில் வைத்துவிட்டு, கீபேடில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் அதன் அடையாளம் பேனலில் பதிந்துவிடும். அது முடிந்ததும் தம்பி வழக்கம்போல முன்கதவுக்கு உள்பக்கம், சுவிட்ச் போர்டுக்கு மேலே பென்சிலால் குறி போட்டார். ஊரில் எல்லா வீட்டிலும் அங்கேதான் மாட்டுகிறார்கள். அம்மா சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அந்தக் கதவை விருந்தாளி வந்தாத்தானப்பா திறக்கிறோம்" என்றார்.

உண்மைதான். எங்கள் வீட்டில் நாங்களும் பின்பக்கம் வழியாகத்தான் புழங்குகிறோம். அக்கா கேட்கவே வேண்டாம். ஆனால் அலாரக் கம்பெனிகள் எழுதித் தரும் படத்தில் வீட்டுக்காரர் முன்கதவால் வருகிறார், பின்கதவு திருடன் வருகிற வழி. அதனால் முன்கதவுக்கு மட்டும், திறந்தபின் எண் அடிக்கச் சில வினாடி நுழைவு அவகாசம் கொடுத்து, மற்றதெல்லாம் திறந்த மாத்திரத்தில் அலறும்படி வைப்பார்கள். அப்படியே விட்டிருந்தால் அக்கா ஒவ்வொரு நாளும் வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து, அவருக்குப் பழக்கமில்லாத கதவைத் திறந்து உள்ளே வர வேண்டும். அதற்கு முன்கதவுச் சாவியும் வேண்டும். ஒரு பெண் இத்தனை வருஷம் வந்துபோன வழியை ஒரு கருவிக்காக மாற்றச் சொல்வதா, கருவியை அவர் வரும் வழிக்கு நகர்த்துவதா? ஒயர் இல்லாத கீபேட் என்பதால் இதற்கு விடை சுலபம். பென்சில் குறியை அழித்துவிட்டு பின்கதவு இருக்கும் சமையல்கட்டுப் பக்கத்துக்குப் போனோம்.

துளை போடும் முன் சிக்னல் பார்க்க வேண்டும். கீபேடைக் கையில் பிடித்து, கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு, சோதனை நிலையில் வைத்துப் பார்த்தோம். ஹாலில் இருக்கும் பேனலுக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் இரண்டு கல்சுவர், அம்மாவின் அறையில் ஒரு இரும்பு பீரோ. கல் சிக்னலைக் குறைக்கும், ஆனால் ஓரளவு விடும். இரும்பு மறைத்தே விடும். பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தியதும் சிக்னல் நன்றாக எழுந்தது. அடுப்பின் ஆவி படாத பக்கமாக, வெளி ஜன்னலிலிருந்து பார்த்தால் விரல் போகிற போக்கு தெரியாத மூலையாக ஒரு இடம் கிடைத்தது.

மாட்டுகிற வேலைதான் அரை நாளைத் தின்றது. கீபேடின் முதுகில் ஒரு சின்ன ஸ்பிரிங் பட்டன் இருக்கிறது. சுவரோடு ஒட்டி இருக்கும்வரை அது அமுங்கியிருக்கும். யாராவது கீபேடைப் பிடுங்கினால் அது விடுபட்டு அலாரம் அடிக்கும். சமமான சிமெண்ட் சுவருக்கு இது சரி. எங்கள் சுண்ணாம்புச் சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் ஸ்பிரிங் பள்ளத்தில் தொங்கி, பேனல் 'கழற்றப்பட்டது' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. டபுள் டேப் ஒட்டினால் சுண்ணாம்பே பெயர்ந்து வரும். கடைசியில் அம்மா விறகுக் கொட்டகையிலிருந்து இழைத்த சில்வர் ஓக் பலகைத் துண்டு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். அதைச் சுவரில் ஆழமாக ஸ்க்ரூ வைத்துப் பிடித்து, அதன்மேல் கீபேடை மாட்டியதும் ஸ்பிரிங் 'டிக்'கென்று அமுங்கியது. மலையில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

அப்புறம் அவகாசம். பின்கதவைத் திறந்ததிலிருந்து எண் அடிப்பதற்கு 30 வினாடி என்று தம்பி வைத்திருந்தார். பொய் அலாரங்களைக் குறைப்பதற்காக அமெரிக்காவில் எழுதிய எஸ்ஐஏ சிபி-01 தரநிலையே நுழைவு அவகாசம் 30 வினாடிக்குக் குறையக் கூடாது என்கிறது, நான்கு நிமிஷம் வரை கூட்டவும் இடம் கொடுக்கிறது. மழை நாளில் அக்கா வந்தால் முதலில் தலையில் போர்த்திய பிளாஸ்டிக் ஷீட்டைக் கழற்றி உதறி மாட்ட வேண்டும், பூட்டுக் கதவு நனைந்து ஊதியிருந்தால் தோளால் தள்ள வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. எனவே 60 வினாடி வைத்தோம். ஹாலில் இருக்கும் அசைவு சென்சாரையும் பின்கதவைப் பின்தொடரும்படி சேர்த்தோம். கதவு முறையாகத் திறந்திருந்தால் அதுவும் அந்த 60 வினாடி பொறுத்திருக்கும். ஜன்னல் வழியாக யாராவது நேராக ஹாலில் குதித்தால் பொறுக்காது.

"உங்க போனுக்குச் சேதி வருமா?"

அன்று சாயங்காலம் அக்கா வந்தார். தம்பி அவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று 0000 போடலாம் என்றார். வேண்டாம், அவரே ஒரு எண் நினைத்துக்கொள்ளட்டும் என்றேன். நான்கு இலக்கத்தில் 10,000 சேர்க்கை இருக்கிறது. அதில் பிறந்த வருஷத்தையும் 1234-ஐயும் விட்டுவிட்டு எதை வேண்டுமானாலும் வையுங்கள், எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் மூவரும் திரும்பி நின்றோம். பட்டன் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் விரலைப் பட்டன்மேல் வைத்தபடியே நிற்கிறார்.

"பாப்பா, நான் இதை அடிச்சா உங்க போனுக்குச் சேதி வருமா?"

வரும் என்றேன். யார் எண், எத்தனை மணி என்று வரும்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எஸ்டேட்ல மேஸ்திரி நேரம் பார்த்துப் பேர் எழுதுவார். இந்த வீட்டுல ஐயா இருந்தப்பவும் சரி, பெரியம்மாவும் சரி, யாரும் அப்படி எழுதினதில்ல. அதான் கேட்டுக்கிட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் மாமாவின் கேள்வியில் எது என்னை உறுத்தியது என்று புரிந்தது. சாவி யாரையும் கணக்கெடுக்காது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் அது நம்பிக்கை மட்டும்தான். எண் அப்படியல்ல. எண்ணைக் கொடுக்கும்போதே ஒரு வருகைப் பதிவேட்டையும் சேர்த்துத் திறக்கிறோம். மாமா எண்ணைக் கொடுத்தால் ஆபத்து என்று பயந்தார், அக்கா எண்ணை வாங்கினால் தான் வேறு ஆளாக ஆகிவிடுவோமோ என்று பயந்தார். இருவரில் அக்காவின் பயத்துக்குத்தான் ஆதாரம் இருந்தது.

ஆனால் அந்தப் பதிவை ஒரேயடியாக எடுத்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை, அதுவும் அக்காவை நினைத்துத்தான். வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் நம் ஊரில் முதல் சந்தேகம் யார்மேல் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறவினர் வந்து தங்கிவிட்டுப் போன அடுத்த நாள் காணாமல் போயிருந்தாலும், கேள்வி வேலைக்கு வருகிறவரிடம்தான் போகும். எல்லோருக்கும் ஒரே எண் என்று வைத்திருந்தால் அவரால் எதையும் நிரூபிக்க முடியாது. தனி எண் இருந்தால், நான் வந்தது இந்த நேரம், போனது இந்த நேரம், அதற்குப் பிறகு உள்ளே வந்தது நான் இல்லை என்று அவர் காட்டலாம். அந்தப் பதிவு அவருக்கும் சாட்சி.

இதை அவரிடமே சொன்னேன். சொல்லிவிட்டு, போனை எடுத்து அவர் கண்முன்னே அவர் எண்ணுக்கான சேதியை நிறுத்தினேன். பதிவு பேனலில் இருக்கும், ஏதாவது நடந்தால் மட்டும் பார்ப்போம், பார்ப்பதென்றால் உங்களையும் வைத்துக்கொண்டுதான் பார்ப்போம். அம்மாவும் சரி என்றார். அக்கா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப திரும்பிக்கங்க" என்றார். நான்கு முறை பட்டன் சத்தம் கேட்டது, விளக்கு பச்சையாக எரிந்தது. அந்த எண் இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் அன்றே செய்தோம். இந்த செட்டில் மிரட்டல் எண் என்று ஒன்று வைக்கலாம். யாராவது கழுத்தில் கத்தி வைத்துத் திறக்கச் சொன்னால் அந்த எண்ணை அடிக்க வேண்டும். அலாரம் வழக்கம்போல அணைந்துவிடும், சைரன் அடிக்காது, ஆனால் எனக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் அவசரச் சேதி போகும். தம்பி அதை அம்மாவுக்கு மட்டும் போட்டார். அக்காவுக்கும் போடுங்கள் என்றேன். "அவங்களுக்கு எதுக்குக்கா?" என்றார். மூடுபனியில் எதிரே வருகிற ஆள் தெரியாத விடிகாலையில், பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குத் தனியாக வருவது யார்? கதவைத் திறக்கச் சொல்லி ஒருவன் மிரட்ட நினைத்தால் யாரை மிரட்டுவான்? அவர் ஆபத்தில் இருக்கலாம் என்று யாருக்குமே தோன்றவில்லை. அவரால் ஆபத்து வரலாம் என்பது மட்டும் எல்லோருக்கும் உடனே தோன்றியது. இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான்.

மாமாவிடம் பிறகு பேசினேன். சாவி தொலைந்தால் பூட்டை மாற்ற வேண்டும், நகல் எடுத்தால் தெரியவே தெரியாது. எண்ணை நினைத்த நிமிஷம் ரத்து செய்யலாம், மற்றவர்கள் எண் அப்படியே இருக்கும். இதைக் கேட்டுவிட்டு "சரி, உங்கம்மா சம்மதிச்சா சரி" என்றார். முழு மனதோடு சொல்லவில்லை என்று தெரியும்.

சைரன் அடித்தால் வெளியே வராதீர்கள்

திருட்டு அலாரம் என்று பெயர் இருந்தாலும் கோத்தகிரிப் பக்கம் கதவை உடைப்பது கரடியாகவும் இருக்கலாம். எண்ணெய்க்காகக் கோயில் கதவையும், சத்துணவுக் கூடத்தையும், வீட்டுச் சமையல்கட்டையும் உடைப்பது இங்கே புதிதல்ல. அம்மா வீட்டில் இருக்கும் ராத்திரிகளில் 'வீட்டு நிலை'யில் போட்டுக்கொள்கிறார். அப்போது கதவு சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும், ஹால் சென்சார் தூங்கும், அவர் எழுந்து பாத்ரூம் போகலாம். சைரன் அடித்தால் அக்கம்பக்கத்தார் டார்ச்சோடு ஓடிவருவதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கம். ஆனால் இருட்டில் கரடிக்கும் காட்டெருமைக்கும் எதிரே போய் நிற்பது உயிருக்கு ஆபத்து. அதனால் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவைத்தோம். சைரன் கேட்டால் வெளி விளக்கைப் போடுங்கள், முதலில் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் 112-க்கு அடியுங்கள், நாலு பேர் சேராமல் வெளியே வராதீர்கள்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. கீபேடில் லித்தியம் பேட்டரிதான் போட்டிருக்கிறோம். சாதாரண அல்கலைன் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். பேனலுக்குள் இருக்கும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியும் குளிரில் முழுத் திறனைக் காட்டாது. காற்று மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊரில் அதைக் கணக்கில் எடுத்துக் கொஞ்சம் பெரிதாக வாங்க வேண்டும்.

போன வாரம் அக்கா போன் செய்தார். மருமகள் பிரசவம் முடிந்து வந்துவிட்டாள், அம்மா ஊரில் இல்லாத நாட்களில் தனக்கு முடியாவிட்டால் அவளை அனுப்பலாமா, தன் எண்ணை அவளிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்ல வேண்டாம், உங்கள் எண் உங்களுடையது என்றேன். அடுத்த தடவை நான் மலைக்கு வரும்போது மருமகளையும் வரச்சொல்லியிருக்கிறேன், அவர் எண்ணை அவரே போட்டுக்கொள்ளட்டும். மிரட்டல் எண்ணையும் சேர்த்து.